சோயா கேட்டவர்களுக்கு

இந்த முறை பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கடிதங்கள்தான் அதிகம்.

டோஃபு (சோயா பன்னீர்), சோயா பால் செய்பவர்களுக்கு விற்க எந்த ரகம்? (வேலந்தாவளம்)

மணி பெருத்து, தோல் மஞ்சளாக, தழும்பும் (மணி நெத்தோடு ஒட்டியிருந்த இடம்) வெளிறி இருக்கவேண்டும். தழும்பு கறுப்பானால் பாலில் கரும்பொடி தெரியும் என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்தூர் ஆராய்ச்சி நிறுவனத்தின் என்.ஆர்.சி. 142 ரகத்தில் பச்சை வாடை குறைவு. முதலில் கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள். வாங்குகிறவரிடம் பேசிவிட்டு விதையுங்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு விதை? (ஆனைமலை)

முப்பது கிலோ சொச்சம். ஒரு கோடை தாண்டிய சோயா விதை சோர்ந்துவிடும். நூறு மணியை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, முளைப்பைப் பார்த்துவிட்டு விதையுங்கள்.

சோயா மஞ்சளாகிவிட்டது. என்ன மருந்து? (ஊர் எழுதவில்லை)

ரகம் என்ன, எத்தனை நாள் பயிர், மேல் இலையா கீழ் இலையா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் சோழி உருட்டித்தான் சொல்லவேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய்; செடியைப் பிடுங்கிப் புதையுங்கள். செடியே வெளிறியிருந்தால் வேர் முடிச்சைக் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லையென்றால் ரைசோபியம், அதாவது வேரில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர், பிடிக்கவில்லை.

தென்னைக்கு ஊடே வருமா? (மீனாட்சிபுரம்)

ஏழு வயதுக்குள் அல்லது இருபது தாண்டிய தோப்பில் வரும். நடுவயசுத் தோப்பின் நிழலில் செடி நீளும், காய் பிடிக்காது.

பத்து மூட்டை கொண்டுபோனேன். தீவன விலைதான் என்கிறார் வியாபாரி. ஏமாற்றுகிறாரா? (கோபாலபுரம்)

நீங்கள் அனுப்பிய மாதிரியைத் தட்டில் கொட்டினேன். கல், தார்த்துகள், பாதி மணி பருப்பாக உடைந்தது. அவர் ஏமாற்றவில்லை. நெத்தை, அதாவது காய்ந்த காயை, தார்ச் சாலையில் பரப்பி, போகிற வருகிற லாரியெல்லாம் ஏறட்டும் என்று விட்டிருக்கிறீர்கள். வருஷக்கணக்காக இதைத்தான் கத்துகிறேன். உடைந்த பருப்பில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஊறப்போட்டால் சத்து தண்ணீரோடு போய்விடும். டோஃபு போடுகிறவருக்கு அது குப்பை. நெத்தில் மணி குலுங்கும்போது அறுத்து, தார்ப்பாயில் காயவைத்து, ஈரம் 13, 14 சதம் இருக்கையில் கம்பால் அடியுங்கள். மெஷின் என்றால் உருளை வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் 12-க்குக் கீழே காயவைத்து, சலித்து, ரகம் கலக்காமல் புதுச் சாக்கில் கட்டுங்கள். உரச்சாக்கு ஆகவே ஆகாது. 2025-26-க்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். அதற்கு மேல் ஒருவர் தருகிறார் என்றால் அது சுத்தத்துக்குத் தருவது. மறுபடியும் சொல்கிறேன், வாங்குகிறவரிடம் பேசிவிட்டு விதையுங்கள்.

மரபணு மாற்றாத சோயா என்று எழுதி விற்கலாமா? (சித்தூர், பாலக்காடு)

இந்தியாவில் மரபணு மாற்றிய சோயா பயிரிட அனுமதியே கிடையாது. பக்கத்துக் காட்டுக்காரரும் அதையே எழுதலாம்.

மீல்மேக்கர் கம்பெனிக்குக் கொடுத்தால்? (உடுமலை)

அது எண்ணெய் எடுத்த மாவில் செய்வது. உங்கள் பெரிய மணிக்கு அங்கே தனி மரியாதை இல்லை.

எந்தப் பட்டம்? (கொழிஞ்சாம்பாறை)

ஆடியில் விதைத்தால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மாசி முதல் வாரம் போடுங்கள். இடவப்பாதிக்கு (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) முன் களம் சேர்ந்துவிடும்.