காலேஜ் பசங்க சிகரெட் பிடிக்கிறதுக்கும் அவங்க குணத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு, ஆனா நாம நினைக்கிற மாதிரி நேரா இல்ல. 1960லயே ஐசென்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட், தம் அடிக்கிறவங்கள்ல கலகலப்பான ஆளுங்க ஜாஸ்தின்னு எழுதினார், பின்னாடி வந்த ஆராய்ச்சில சட்டுனு பதட்டப்படுறவங்களும் ஒரு ஒழுங்குல நிக்காத ஆளுங்களும் சேந்துகிட்டாங்க. நான் அந்தப் பதட்ட கோஷ்டி.

பாளையங்கோட்டைல படிச்சேன். எங்க செட்ல வாய மூடாத ஒருத்தன், "ஏல ஒரு இழுப்பு இழுத்தா செத்தா போயிருவ"ன்னு அவன்தான் எல்லாரையும் பெட்டிக்கடைக்கு தள்ளிட்டுப் போவான். நான் பேசத் தெரியாத பய, நாலு பேர் நிக்கிற எடத்துல கைய எங்க வைக்கன்னே தெரியாது, சிகரெட் இருந்தா கைக்கு ஒரு சோலி. (காலேஜுக்கு நூறு கஜத்துக்குள்ள விக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு, இங்க கடையில பத்தவைக்க கயிறே கனிஞ்சு தொங்கும்.)

படிப்பு முடிஞ்சு செட் கலைஞ்சதும் அவன் விட்டுட்டான். எனக்குத்தான் ஒட்டிக்கிச்சு. இழுத்த பத்து இருவது செகண்ட்ல நிகோடின் மூளைக்குப் போயிருது, ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதியா கொறஞ்சிருது, அப்ப வர்ற படபடப்ப நான் வைவா பயம், அரியர் பயம்னே நினைச்சுட்டு இன்னொண்ணு பத்தவச்சேன், சிகரெட் உண்டாக்குன பதட்டத்த சிகரெட்டாலயே ஆத்துதோம்னு புரிய வருஷக்கணக்காச்சு.

ஆனா குணம் மட்டும்னா என் ரூம்மேட்டு என்னைய விட பெரிய செயின் ஸ்மோக்கரா ஆயிருக்கணும், ரிசல்ட் அன்னிக்கு அவனுக்கு சோறே எறங்காது. முக்கூடல் பக்கம் ஊரு, அவங்கம்மா பீடி சுத்தித்தான் பீஸ் கட்டுனாங்க. ஒரு தடவ போயிருந்தேன், மடியில சொளகு, எலய வச்சு தூளப் போட்டு உருட்டி மடக்கி நூலக் கட்டுறாங்க, பேச்சு எங்கிட்ட, கண்ணு டிவில, கை அது பாட்டுக்கு ஓடுது, நடுநடுவுல இருமல். "பொறந்ததுலருந்து இத மோந்துட்டு கெடக்கேன், காசு குடுத்து வேற இழுக்கணுமாக்கும்"னான் ரூம்மேட்டு.

நான் கடைசில சிகரெட்ட விட உதவி பண்ற 1800-11-2356ங்கற இலவச நம்பருக்கு போன் போட்டேன், அதுலயும் எடுத்தவங்ககிட்ட பேசப் பயந்து ரெண்டு தடவ கட் பண்ணிட்டு மூணாவது தடவதான் வாயத் தொறந்தேன். விட்டு ரெண்டு வருஷம் ஆகுது. இப்பவும் கல்யாண வீட்ல தெரியாத ஆளுங்க நடுவுல நின்னா கை சட்டப் பாக்கெட்டுக்குத்தான் போவுது, சும்மா போன எடுத்து நோண்டிட்டு நிக்கேன்.