குழந்தை மருத்துவர் ஆய்வாளராக வளர, பணம் எதற்குப் போகிறது?

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களைத் தனித்து இயங்கும் ஆராய்ச்சியாளர்களாக வளர்க்கும் திட்டங்களுக்குத் தரப்படும் நிதி எதற்குச் செலவாகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பணத்தின் பெரும்பகுதி, ஆய்வுக்கு நேரம் வாங்கித் தரத்தான். வார்டு, வெளிநோயாளர் பிரிவு, இரவுப் பணி என்று ஓடுகிறவர் ஆய்வுக்கு எப்போது உட்காருவார்? ஆனால் அவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். பச்சிளம் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் விதமே வேறு; பெரியவர்களிடம் செய்த ஆய்வை மட்டும் வைத்து மருந்தளவை நம்பிக்கையோடு ஊகிக்க முடியாது.

அதனால், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) 'கே' வகை நல்கைகள், அதாவது ஆய்வாளராக வளர்வதற்கான நிதியுதவிகள், மருத்துவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏற்கின்றன. பதிலுக்கு, பொதுவாக வேலை நேரத்தில் 75 சதவீதமாவது ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. இவற்றில் கே12 என்றால் பணம் மருத்துவர் பணிபுரியும் பல்கலைக்கழகம் அல்லது மருத்துவமனைக்குப் போகும். ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. கே08, கே23 இரண்டுக்கும் மருத்துவரே வழிகாட்டியோடு சேர்ந்து திட்டம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் சொந்த ஆய்வுத் திட்டத்தை நடத்துவதற்கான ஆர்01 நல்கை கிடைத்தால், சொந்தக் காலில் நிற்கிறார் என்று கொள்வார்கள்.

சரி, வழிகாட்டிக்கு? நோயாளிகளை நேரடியாக ஆராயும் அனுபவசாலிகள், தங்கள் ஆய்வுக்கும் இளையவர்களுக்கு வழிகாட்டவும் நேரம் ஒதுக்குவதற்காக கே24 இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் மதிக்க வேண்டியது இதுதான். வழிகாட்டுவதையும் சம்பளத்துக்குரிய வேலையாக அது ஏற்றுக்கொள்கிறது.