பூட்டியவர்கள் கர்தினால்கள் அல்ல

கேள்வி: எல்லாத் துறையிலும் வெளிப்படைத்தன்மை கேட்கிற காலம் இது. போப்பாண்டவர் தேர்தலை மட்டும் இன்னும் பூட்டிய அறைக்குள் நடத்துகிறார்களே? தங்கள் அதிகாரம் கைமாறிவிடக் கூடாது என்றுதானே கர்தினால்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்?

பதில்: நடந்தது இதற்கு நேர்மாறானது. போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் உயர் குருக்கள்தான் கர்தினால்கள். அந்தக் கதவை அவர்கள் விரும்பிச் சாத்திக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் வெளியிலிருந்து பூட்டினார்கள். அதைச் சட்டமாக்கியபோது கடுமையாக எதிர்த்தவர்களே கர்தினால்கள்தான்.

நீங்கள் கேட்கும் வெளிப்படையான தேர்தலும் ஒரு காலத்தில் இருந்தது. முதல் ஆயிரம் ஆண்டுகளில் ரோம் நகரக் குருக்களும் மக்களும் சேர்ந்துதான் தங்கள் ஆயரை, அதாவது போப்பை, தேர்ந்தெடுத்தார்கள். 366இல் ஒரு கூட்டம் தமாசுஸைத் தேர்ந்தெடுத்தது, இன்னொரு கூட்டம் உர்சினுஸைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பேராலயத்துக்குள் ஒரே நாளில் 137 பிணங்கள் கிடந்தன என்று அக்கால ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல. எந்தத் தரப்புக்கும் வரிந்துகட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பின்னாளில் ரோமின் பிரபுக் குடும்பங்களும் பேரரசர்களும் தங்களுக்கு வேண்டியவரை அந்த இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

இதற்கு முடிவுகட்டத்தான் 1059இல் போப் இரண்டாம் நிக்கோலாஸ் தேர்வு உரிமையைக் கர்தினால்களிடம் கொடுத்தார். யார் தேர்ந்தெடுப்பது என்பது தெளிவாயிற்று. எத்தனை வாக்கு வேண்டும் என்பது தெளிவாகவில்லை. 1130இலும் 1159இலும் இரண்டிரண்டு போப்புகள் முளைத்தார்கள். 1159 பிளவின் அடியை நேரில் வாங்கிய மூன்றாம் அலெக்சாண்டர், 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கத்தில் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டத்தில்) மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கட்டாயம் என்று விதித்தார். நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது: மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிடிவாதமாக நின்றால் தேர்தல் முடியவே முடியாது.

அந்த ஓட்டை 1268இல் முழுதாகத் திறந்தது. நான்காம் கிளமெண்ட் அந்த ஆண்டு நவம்பரில் இத்தாலியின் விட்டெர்போவில் இறந்தார். பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆஞ்சுவின் சார்லஸ் இத்தாலியில் காலூன்றுவதை ஆதரித்த கர்தினால்கள் ஒரு பக்கம், எதிர்த்தவர்கள் மறுபக்கம். மாதங்கள் ஆண்டுகளாயின. பொறுமை இழந்த நகர அதிகாரிகள் கர்தினால்களை ஆயர் அரண்மனைக்குள் வைத்து அடைத்தார்கள். சாப்பாட்டைக் குறைத்தார்கள். கடைசியில் கூரையையும் பெயர்த்தார்கள். இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1270 ஜூனில் கர்தினால்கள் எழுதிய கடிதம் ஒன்று, ‘கூரை பெயர்க்கப்பட்ட அரண்மனையிலிருந்து’ எழுதப்படுவதாகவே குறிப்பிடுகிறது. நோயில் விழுந்த சக கர்தினால் ஒருவரை வெளியே விடுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் இழுத்தார்கள்! 1271 செப்டம்பர் 1ஆம் தேதி, ஆறு பேர் கொண்ட குழுவிடம் முடிவை ஒப்படைத்து, தங்களில் ஒருவரல்லாத தெபால்தோ விஸ்கோந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அப்போது சிலுவைப் போர்க்களமான ஆக்கரில் இருந்தார். குருப்பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை.

அவரே பத்தாம் கிரகோரி. 1274இல் லியோன் சங்கத்தில் அவர் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். போப் இறந்தால் 10 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு எல்லாக் கர்தினால்களும் ஒரே அறையில், நடுவே தடுப்புச் சுவரோ திரையோ இல்லாமல் தங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பணியாள். வெளியிலிருந்து ஆளும் வரக் கூடாது, கடிதமும் வரக் கூடாது. 3 நாளில் முடியாவிட்டால் அடுத்த 5 நாளுக்கு மதியம் ஒரே ஒரு வகை உணவு, இரவும் ஒரே ஒரு வகை உணவு. அதற்குமேல் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் மட்டும். தேர்தல் முடியும்வரை போப்பின் கருவூலத்திலிருந்து வருமானமும் கிடையாது. இது அதிகாரத்தைக் காத்துக்கொள்ள விரும்பியவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்கிற சட்டமா? கர்தினால்களின் எதிர்ப்பைத் தாண்ட, கிரகோரி ஆயர்களிடம் தனியாக ஆதரவு திரட்ட வேண்டியிருந்தது.

சட்டம் வேலை செய்தது. 1276 ஜனவரியில் முதன்முறை பயன்படுத்தியபோது ஒரே நாளில் தேர்தல் முடிந்தது. ஆனால் அதே ஆண்டு ஐந்தாம் அட்ரியான் அதை நிறுத்தி வைத்தார், அவருக்குப் பின் வந்த 21ஆம் யோவான் ரத்தே செய்துவிட்டார். விளைவு? 1292இல் நான்காம் நிக்கோலாஸ் இறந்தபின் இருக்கை 27 மாதம் காலியாகக் கிடந்தது. 1294இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் செலஸ்டின் வயதான துறவி. ஐந்தே மாதத்தில் பதவியைத் துறந்தவர் என்று அவரைக் குறைத்துப் பேசுவார்கள். ஆனால் கிரகோரியின் சட்டத்தை மீண்டும் உயிர்ப்பித்தவர் அவர்தான்.

சரி, பூட்டு விரைவுக்காக வந்தது, ரகசியம் எதற்கு? அச்சமும் அரசர்களின் தலையீடும் இல்லாமல் வாக்களிக்க. 16ஆம் நூற்றாண்டில்கூட, ஒருவரைச் சூழ்ந்து வணங்கி ‘இவரே போப்’ என்று பகிரங்கமாக ஏற்கும் முறை நடப்பில் இருந்தது. வணங்காமல் நின்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பயத்திலேயே பலர் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். 1621இல் 15ஆம் கிரகோரி ரகசிய எழுத்து வாக்கைக் கட்டாயமாக்கினார். அப்படியும் அரசர்களின் கை உள்ளே நீண்டது. 1903இல் கர்தினால் ராம்பொல்லா முன்னணியில் இருந்தபோது, ஆஸ்திரியப் பேரரசரின் பெயரால் கிராக்கோவ் கர்தினால் புசினா எழுந்து தடை சொன்னார். அந்தத் தேர்தலில் வென்ற பத்தாம் பயஸ், இனி யாராவது இப்படித் தடையைக் கொண்டுவந்தால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார் என்று 1904இல் ஆணையிட்டார்.

இன்றைய வாக்கெடுப்பில் இந்த அனுபவமெல்லாம் தெரிகிறது. யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத கையெழுத்தில் பெயரை எழுதி, சீட்டை மடித்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போக வேண்டும். அங்கே உறுதிமொழி சொல்லி, சீட்டைத் தட்டில் வைத்து, தட்டைச் சாய்த்துக் கலத்துக்குள் விழச் செய்ய வேண்டும். நேரடியாகக் கையால் போட்டால் இரண்டு சீட்டு நுழைந்துவிடலாம். எண்ணுபவர்கள் 3 பேர், சரிபார்ப்பவர்கள் 3 பேர். எல்லோரும் குலுக்கலில் வருபவர்கள். சீட்டுகளைப் பிரிக்கும் முன்பே எண்ணுவார்கள். வாக்காளர் எண்ணிக்கையோடு ஒத்துவராவிட்டால், ஒரு பெயரையும் படிக்காமல் எல்லாவற்றையும் எரித்துவிட்டு உடனே மறுவாக்கு. ஒத்துவந்தால், எண்ணுபவர்களில் மூன்றாமவர் பெயரை உரக்கப் படித்து, அந்தச் சீட்டை ஊசியால் குத்தி நூலில் கோப்பார். படித்த சீட்டு மறுபடி எண்ணிக்கைக்குள் வர வழியில்லை. நம் ஊர்த் தேர்தல் அதிகாரிகளும் இதில் குறை காண மாட்டார்கள்.

விதிமுறையில் ஒரு சறுக்கல் அண்மையிலும் நேர்ந்தது. சுமார் 33 சுற்றுக்கு மேல் முடிவு வராவிட்டால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று கர்தினால்கள் தீர்மானிக்கலாம் என 1996இல் இரண்டாம் ஜான் பால் அனுமதித்தார். பாதிக்கு மேல் ஆதரவு உள்ள அணி இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை. நாட்களைக் கடத்தினால் போதும், வெற்றி தானாக வரும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற 1179 விதியின் நோக்கமே அடிபட்டுப் போகிறது. 16ஆம் பெனடிக்ட் 2007இல் இதை நீக்கினார். இப்போது அந்தக் கட்டத்தில் முதல் இருவருக்கு இடையே மட்டும் போட்டி. அந்த இருவரும் வாக்களிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு அப்போதும் வேண்டும்.

ஆகவே உங்கள் சந்தேகத்தைப் பூட்டின்மீது வைக்காதீர்கள். கேட்க வேண்டிய இடம் வேறு: அறைக்குள் யார் போகிறார்கள்? கர்தினால்களை நியமிப்பவர் போப் ஒருவரே. 80 வயதானவர்களுக்கு வாக்கு இல்லை என்பது 1970 முதல் விதி. வாக்காளர்கள் 120க்கு மேல் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் 2025 மே மாதம் 14ஆம் லியோவைத் தேர்ந்தெடுக்கப் போனவர்கள் 133 பேர். அவர்களில் 108 பேர் முந்தைய போப் பிரான்சிஸ் நியமித்தவர்கள். விதியைத் தாண்டி நியமிக்கப் போப்புக்கு அதிகாரம் உண்டு, தேர்தலும் செல்லும். ஆனாலும் அந்த 120 என்ற வரம்பு இன்னும் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அதை மதிக்க வேண்டும், அல்லது முறைப்படி மாற்ற வேண்டும்.