பெரிய தாத்தாவின் சிட்டிசன் காகிதம்

தம்பி, நியூஜெர்சி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், அதற்குள் தாத்தாவின் அண்ணனைத் தேடக் கிளம்பிவிட்டீர்கள்! 1920களில் கப்பல் வேலைக்கு வந்து நியூயார்க்கில் இறங்கிவிட்டவர். "அங்கேயே சிட்டிசன் ஆயிட்டாராம்" என்று உங்கள் அப்பத்தா சொன்னது மட்டும்தான் கையில் இருக்கிறது. அந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி.

1920களின் கோர்ட் பதிவுகளில் ஆரம்பிக்காதீர்கள். 1923-இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே வாங்கியிருந்த பலரிடமிருந்தும் பிடுங்கினார்கள். 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அப்பத்தா சொன்னது நிஜமென்றால், பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வாங்கியிருப்பார்.

1906 செப்டம்பர் கடைசியிலிருந்து, எந்த கோர்ட்டில் குடியுரிமை வாங்கினாலும் ஒரு நகல் மத்திய அரசுக்குப் போனது. 1956 மார்ச் வரையிலான இந்தக் கோப்புகளுக்கு சி-ஃபைல் என்று பெயர். அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்ஸின் வம்சாவளிப் பிரிவில் பணம் கட்டித் தேடச் சொல்லலாம். எண் கிடைத்ததும் கோப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பொறுமை வேண்டும், நம் கிரீன் கார்டு மாதிரிதான். அவர் பிறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டதால் இறப்புச் சான்று கேட்க மாட்டார்கள்.

சிட்டிசன் ஆகாமலே போயிருந்தால்? 1940-இல், குடியுரிமை இல்லாத, 14 வயது நிரம்பியவர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போது நிரப்பிய ஏஆர்-2 படிவமும் யுஎஸ்சிஐஎஸ்ஸில்தான் இருக்கிறது.

பெரிய தலைவலி பெயர்தான். சு. முத்துசாமி என்பவர் 'சாமி, முத்து' என்றும் இருப்பார், அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி 'சுப்பையா' என்றும் இருப்பார். எல்லா விதமாகவும் எழுதிக் கொடுங்கள்.

கோர்ட்டில் தங்கிய பிரதி வேண்டுமென்றால், மன்ஹாட்டன் பௌலிங் கிரீனில் பழைய சுங்க மாளிகைக்குள் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டிக்குத் துணையாக ஒருமுறை போயிருந்தேன். அவர் அப்பாவின் விண்ணப்பத்தில் ஓரமாக ஒட்டிய போட்டோ, உயரம், எடை, கண்ணின் நிறம், அப்புறம் 'இடது புருவத்தில் தழும்பு'. அந்தத் தழும்பை வைத்துத்தான் அதே பெயருள்ள இன்னொருவரை ஒதுக்கினோம்.

அதனால் இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, அவருக்குத் தழும்போ பச்சை குத்தியதோ இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று அப்பத்தாவிடம் விசாரித்து வையுங்கள்.