ஆற்றில் தெர்மாமீட்டர் வைக்க ஒரு படிப்பா?

உங்கள் கடிதத்தில் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்துவிட்டேன் அம்மா. கனடாவின் சர்ரேயில் வாடகை கட்டிக்கொண்டு, மகன் இன்ஜினியர் ஆவான் என்று காத்திருந்த உங்களிடம் அவன் ஆற்றின் வெப்பநிலையையும் சால்மன் மீனையும் கவனிக்கும் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தத் தெர்மாமீட்டர் காட்டும் எண் லேசுப்பட்டதில்லை. உங்கள் பக்கத்து ஃப்ரேசர் ஆற்றில் முட்டையிட ஏறும் சாக்கை என்ற வகை சால்மன், கடலை விட்டு வந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்பில் உள்ள கொழுப்பை எரித்தே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடும். தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டினால் நீச்சல் தளரும். 20-ஐத் தாண்டினால் முட்டையிடுமுன்பே பல செத்துப்போகும். 2015 கோடையில் கொலம்பியா ஆற்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்கை இப்படித்தான் மடிந்தன. அதனால்தான் ஃப்ரேசரில், மீன்வளத் துறை கோடை முழுக்க வெப்பநிலையைக் கவனிக்கிறது. வழியில் எத்தனை மீன் சாகும், எவ்வளவு பிடிக்க விடலாம் என்ற கணக்கில் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு.

வேலை எப்படி இருக்கும்? வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும், கைக்குள் அடங்கும் லாகர் என்ற கருவியை, துளையிட்ட குழாய்க்குள் போட்டு, கம்பி வடத்தால் கரைப் பாறையில் கட்டுவார்கள். அதற்குமுன் ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஆகஸ்டில் ஆறு வற்றினால் லாகர் வெளியே வந்துவிடும். அப்போது அது அளப்பது காற்றின் சூட்டை. வரைபடத்தில் பகலுக்கும் இரவுக்கும் கோடு தாறுமாறாக ஏறி இறங்குவதைப் பார்த்து, 'இது ஆறு இல்லை' என்று பிடிக்கிறவன்தான் இந்தத் தொழிலில் தேறுவான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடங்கள் பெரும்பாலும் சீசன் வேலை. பனிக்காலத்தில் கை காய்ந்துவிடலாம். வருடம் முழுக்க வேலை வேண்டுமென்றால் புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் தெரிய வேண்டும். உங்கள் பையன் பிளஸ் டூ கணக்கில் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லையே! பர்னபியில் உள்ள பிசிஐடி (BCIT) தொழில்நுட்பக் கல்லூரியில் மீன், வனவிலங்கு சார்ந்த 2 வருட டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்துப் பட்டப்படிப்புக்கும் போகலாம். பதிவுபெற்ற உயிரியலாளர் ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்பதால், டிப்ளமோவோடு நிறுத்த வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு கோடையில், அவன் ஊர் ஓடையைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவோடு போகட்டும். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் கொசுக்கடியோடு நின்று பார்த்த பிறகும் ஆசை இருந்தால், ஃபீஸ் கட்டுங்கள்.

அப்புறம், டிரைவிங் லைசென்ஸைத் தள்ளிப்போடுகிறான் என்றீர்கள். அதை இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். ஆற்றுக்குப் பஸ் போகாது.