மங்கிய ஹெட்லைட்: மாற்றணுமா, தேய்த்தால் போதுமா?

கேள்வி: என் கார் 2012 மாடல். நிழல் கிடையாது, தெருவில்தான் நிற்கிறது. இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சள் பூத்து மங்கிவிட்டன, ஒன்றில் கல் தெறித்த குழிகளும் உண்டு. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆகி ஒரே மாதத்தில் பழையபடி. பட்டறையில் புதுசு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஹெட்லைட் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஓரளவு தெளிந்து தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம்தான், அதைச் சரிசெய்யலாம். அப்போதும் அதே மங்கல் என்றால் உள்பக்கமும் பாழாகியிருக்கலாம், அதற்கு வெளியே தேய்த்துப் பயனில்லை.

அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் தாங்க அதன்மேல் கம்பெனியிலேயே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். வருடக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டு அந்தப் பூச்சு செத்துப்போனதைத்தான் நீங்கள் மஞ்சளாகப் பார்க்கிறீர்கள். டூத்பேஸ்ட் மேலாக லேசாகச் சுரண்டிவிட்டது, அவ்வளவுதான். காப்பு எதுவும் திரும்ப வரவில்லை, அதனால்தான் ஒரு மாதத்தில் மங்கியது.

சுற்றிலும் பெயின்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பெயின்ட் கடையில் 800, 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி, ஷாம்பு கலந்த தண்ணீர் விட்டுக்கொண்டே அதே வரிசையில் தேயுங்கள். 800-இல் தேய்க்கும்போது மஞ்சள் கலந்த பால் மாதிரி ஒழுகும். அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது, ஏனென்றால் பழைய பூச்சு அங்கங்கே திட்டாக நின்றுவிட்டால் பிறகு என்ன செய்தாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். ஒரு பேப்பரைக் குறுக்கே தேய்த்தால் அடுத்ததை மேலும் கீழுமாகத் தேயுங்கள், முந்தின கீறல் போனதா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி வெளுத்துப்போய் நிற்கும், பயப்படாதீர்கள், 3000 முடித்து ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டதும் தெளிந்துவிடும். பஃபிங் மெஷின் என்றால் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பளபளப்பு வந்ததும் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இப்போது அது காப்பே இல்லாத பிளாஸ்டிக். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு (தின்னர், பெட்ரோல் பக்கமே போகவேண்டாம், பிளாஸ்டிக் நுண்ணிய விரிசல் விட்டுவிடும்), புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கவேண்டும். ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்தது நன்றாக உழைக்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. சரியான மாஸ்க் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

குழிகளைப் பற்றி: மேலோட்டமானவை 800-லேயே போய்விடும். ஆழமானதை விடாமல் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகி வெளிச்சம் கோணும், அதனால் இருந்துவிட்டுப் போகட்டும். விரிசலே விழுந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் வெளிச்சம் போதவில்லையா? உள்ளே பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் கறுத்திருக்கிறதா பாருங்கள். 60/55 வாட் இருக்கவேண்டிய இடத்தில் 100 வாட் பல்பு போட்டு ஓட்டியிருந்தால் சூட்டிலேயே அது பாழாகியிருக்கும். அப்போது பட்டறைக்காரர் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும்.