நடுக்கத்துக்கான மாத்திரையை நிறுத்துவது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஒன்பது வருடமாக ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யும் டிரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை காலை, இரவு சாப்பிடுகிறார். இரவில் பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் குளோனாசெபாம் 0.5 மி.கி. நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மறதி, வாய் வறட்சி, மலச்சிக்கல். எதையாவது நிறுத்தலாமா?

பதில்: மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். முதலில் குறைக்க வேண்டியது டிரைஹெக்ஸிஃபெனிடில். ரிஸ்பெரிடோனில் கை வைக்காதீர்கள். நோயை அடக்கி வைத்திருப்பது அதுதான்.

ரிஸ்பெரிடோனால் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுப்பது டிரைஹெக்ஸிஃபெனிடில். சில மாதங்களுக்குப் பிறகு பலருக்கு இது தேவைப்படுவதில்லை. நீண்ட நாள் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மருந்துச் சீட்டில் தொடர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளையும் இது தரக்கூடியது. சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின் சேர்ந்தால் இன்னும் கூடும்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். உங்களுடையது கூட்டு மாத்திரை. பாதியாக உடைத்தால் ரிஸ்பெரிடோனும் பாதியாகிவிடும்! அதனால் முதலில் இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு, மருத்துவர் ஒப்புக்கொண்டால், டிரைஹெக்ஸிஃபெனிடிலில் இரவு வேளையை மட்டும் விடலாம். இரண்டு வாரம் கழித்துக் காலையில் 1 மி.கி. இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு முழுதாக நிறுத்தலாம்.

குறைத்த சில நாட்களில் வியர்வை, குமட்டல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். இதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்து ரிஸ்பெரிடோனைக் கூட்டிவிடுவதுதான் பெரிய தவறு. காதில் குரல் கேட்பது, சந்தேகம் மாதிரி அம்மாவின் பழைய அறிகுறிகள் வருகின்றனவா என்று தனியாகக் கவனியுங்கள். வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வியர்வையும் பதற்றமும் மட்டும் தாங்க முடியாமல் இருந்தால், அவரிடம் கேட்டு முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

விறைப்பு சில வாரம் கழித்தும் எட்டிப்பார்க்கலாம். குறைக்கத் தொடங்கும் முன்பே அம்மா நடப்பதைக் கைபேசியில் அரை நிமிடம் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படியிலும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்: நடக்கும்போது கை வீசுகிறாரா, டீ டம்ளர் கையில் ஆடுகிறதா? கழுத்து இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, விறைப்போடு கடும் காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குளோனாசெபாமை இப்போது தொட வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால் எதனால் என்ன வந்தது என்றே தெரியாது. மறதியிலும், கால் தடுமாறி விழுவதிலும் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் திடீரென விட்டால் வலிப்பு வரலாம். டிரைஹெக்ஸிஃபெனிடிலை நிறுத்தி ஒரு மாதம் நன்றாகப் போன பிறகு, 0.25 மி.கி. மாத்திரையைக் கொண்டு மெதுவாக இறக்குவது பற்றிக் கேளுங்கள்.